மாவிலைக் கஷாயம் குடிக்கிறவர்கள் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

மாவிலையைக் கொதிக்க வைத்து, ராத்திரி முழுக்க மூடி வைத்து, காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை நோயே போய்விடும் என்று ஒரு செய்தி மறுபடியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இனிமேல் மாத்திரையே வேண்டாமாம். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மாவிலையில் ஒன்றுமில்லை என்று சொல்ல நான் வரவில்லை. மாங்கொழுந்தை மென்றும் மாவிலையால் பல் தேய்த்தும் வளர்ந்தவர்கள் நாம். அதில் மாஞ்சிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. அதை வைத்து உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அந்த ஆராய்ச்சிகள் சொல்வதை முழுதாகப் படியுங்கள்.

நைஜீரியாவில் எலிகளுக்கு மாவிலைச் சாறு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1999-இல் வெளியானது. பலரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். குளுக்கோஸ் புகட்டிச் சர்க்கரையை ஏற்றிய எலிகளிடம் சாறு வேலை செய்தது. கணையத்தைக் கெடுத்து நீரிழிவு வரவழைத்த எலிகளிடம் ஒரு மாற்றமும் இல்லை. இந்த இரண்டாவது பாதியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். சீனாவில், உடல் எடையும் ரத்தக் கொழுப்பும் கூடியவர்களுக்குத் தினம் 150 மில்லிகிராம் மாஞ்சிஃபெரினை 12 வாரம் கொடுத்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இறங்கியது, நல்ல விஷயம். ரத்தச் சர்க்கரையில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

அவர்கள் கொடுத்தது அளந்து எடுத்த மருந்துப்பொருள். நம் அடுப்பில் கொதிப்பதில் அது எவ்வளவு இறங்கியிருக்கும்? கொழுந்தா முற்றலா, எந்த ரகம், எவ்வளவு நேரம் கொதித்தது என்பதைப் பொறுத்து மாறும். போதாக்குறைக்கு, வாய்வழியாகப் போகும் மாஞ்சிஃபெரினில் மிகக் கொஞ்சமே ரத்தத்தில் சேர்கிறது. பூச்சி மருந்து அடித்த தோப்பு இலையாக இருந்தால் அந்த மருந்தும் சேர்ந்துதான் கொதிக்கும்.

இலைதானே, என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு ஒரு பழைய சங்கதி. பிகாரில் முங்கேர் பக்கம் மாடுகளுக்கு மாவிலையும் தண்ணீரும் மட்டுமே கொடுத்து, அவற்றின் மூத்திரத்தைக் காய்ச்சி ஓவியர்களுக்கான மஞ்சள் சாயம் எடுத்ததை டி. என். முகர்ஜி என்பவர் 1883-இல் எழுதியிருக்கிறார். அந்த மாடுகள் நோஞ்சானாக இருந்தன என்பதையும் அவரே குறித்திருக்கிறார்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இந்தக் கஷாயத்தை நம்பி மாத்திரையை விட்டார். காலில் பட்ட சின்னக் காயம் மாசக்கணக்கில் ஆறவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. நம்பும்படி எழுதி அனுப்பியவர்கள் மேல்தான் கோபம்.

இத்தனைக்கும் அந்த அக்கா விட்ட மெட்ஃபார்மின் மாத்திரைக்கே மூலம் ஒரு செடிதான். ஐரோப்பாவில் வளரும் கலேகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, அது நச்சாகவும் இருந்தது. அந்த வழியில் தேடிப்போய்ப் பாதுகாப்பான மூலக்கூறைப் பிடித்து, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளிடம் கண்ட பலனை வெளியிட்டார். மூலிகைக்கு உண்மையான மரியாதை அப்படித் தேடுவதுதான். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. மாவிலையை நம் சர்க்கரை நோயாளிகளிடம், அளவு குறித்து, ஒழுங்காகச் சோதித்து, முடிவு எதுவானாலும் தமிழில் வெளியிடட்டும். 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ள நாடு இது, கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

மாத்திரை வாங்கக் காசில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். 2021-இல், மாம்பழத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள்.

கஷாயம் பிடித்திருந்தால் குடியுங்கள். மாத்திரையோடு குடியுங்கள், டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து, அதுவரையிலான சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை எடுத்து, அந்த எண்ணை அவரிடம் காட்டுங்கள். மாத்திரையைக் குறைப்பதா வேண்டாமா என்பதை அவர் அதைப் பார்த்துச் சொல்லட்டும்.