பால்டிமோரில் ஒரு வார இறுதி: நண்டும் பேஸ்பாலும்

வாஷிங்டன் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் விடுமுறை கிடைத்ததும் நயாகராவுக்கோ நியூயார்க்குக்கோ பல மணி நேரம் காரில் செல்கின்றன. ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பால்டிமோரையோ துறைமுகத்து மீன் காட்சியகத்தோடு முடித்துக்கொண்டு அன்றே வீடு திரும்பிவிடுகின்றன. ஒரு சனி, ஞாயிறு அங்கே தங்கி, அந்த ஊரின் பேஸ்பால் அணியான ஓரியோல்ஸின் ஆட்டம் ஒன்றைப் பார்த்து, அந்த ஊர்க்காரர்கள் உண்பதை உண்டுவிட்டு வாருங்கள் என்று நண்பர்களிடம் விடாமல் சொல்லி வருகிறேன். தொலைக்காட்சியில் பேஸ்பால் பார்த்துச் சலித்துப்போனவர்களுக்கும் இதையே சொல்கிறேன், ஏனெனில் அந்த விளையாட்டு, நடக்கும் ஊரோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது.

அதற்கு ஓரியோல்ஸின் அரங்கான கேம்டன் யார்ட்ஸைப் போல வாய்ப்பான அரங்கு குறைவு. அது கட்டப்படுவதற்கு முந்தைய சில பத்தாண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவும் பேஸ்பாலுக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் பொதுவாக, வட்டமான கான்கிரீட் அரங்குகளைக் கட்டி, அவற்றைச் சுற்றிப் பரந்த கார் நிறுத்தங்களை அமைத்தன. 1992 ஏப்ரலில் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ், நகரின் நடுவே, பழைய இரயில் முற்றம் ஒன்றின் நிலத்தில், பேஸ்பாலுக்கென்றே எழுந்தது. பால்டிமோர் அண்ட் ஒஹாயோ இரயில் நிறுவனத்தின் நீண்ட செங்கல் கிடங்கை இடிக்காமல் வலப்புற எல்லைக்குப் பின்னால் அப்படியே நிறுத்தினார்கள். கிடங்குக்கும் மைதானத்துக்கும் இடையே ஓடும் யூட்டா தெருவில் வந்து விழுந்த ஹோம் ரன்கள் (எல்லையைத் தாண்டிப் பறக்கும் அடிகள்) ஒவ்வொன்றுக்கும் தரையில் சிறு பித்தளைத் தகடு பதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அதன் பின் கட்டப்பட்ட அரங்குகள் பல இதைப் பார்த்துக் கட்டப்பட்டவையே.

பேஸ்பாலின் பெரும்புகழ் வீரர் பேப் ரூத் 1895இல் பிறந்த வீடு, இன்று அருங்காட்சியகமாக, சில தெருக்கள் தள்ளி இருக்கிறது. அவருடைய தந்தை நடத்திய மதுக்கடைகளுள் ஒன்று நின்ற இடம் இப்போது மைதானத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. 1995 செப்டம்பர் 6 அன்று, மேரிலாந்தில் வளர்ந்த ஓரியோல்ஸ் வீரர் கால் ரிப்கன், ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ந்து 2,131ஆவது ஆட்டத்தில் ஆடி, பழைய நியூயார்க் யாங்கீஸ் வீரர் லூ கெரிக்கின் 2,130 என்ற சாதனையை முறியடித்தது இங்கேதான். ஐந்தாவது இன்னிங்ஸின் பாதியில் ஆட்டம் முறைப்படி செல்லுபடியானதும் (அதன் பின் மழையால் நின்றாலும் கணக்கில் சேரும்) அந்தக் கிடங்குச் சுவரில் தொங்கிய, அவர் தொடர்ந்து ஆடிய ஆட்டங்களின் எண் மாறியது; கூட்டம் இருபது நிமிடங்களுக்கு மேல் எழுந்து நின்று கைதட்ட, அவர் மைதானத்தைச் சுற்றி ஓடி இரசிகர்களின் கைகளைப் பற்றினார். நாள் தவறாமல் வேலைக்கு வந்து நிற்பதையே பெருமையாக எண்ணிய துறைமுக, எஃகாலைத் தொழிலாளர்களின் ஊர் அவரைத் தன் பிள்ளையாகவே கொண்டாடியதில் எனக்கு வியப்பில்லை.

உணவுக்கு வருகிறேன். சனிக்கிழமை பகலில் லெக்சிங்டன் சந்தைக்குச் செல்ல வேண்டும். 1782இல் தோன்றிய சந்தை அது. 1886 முதல் இயங்கும் பெய்ட்லி கடையின் கிராப் கேக்கில் (நண்டு வடை) பெரிய பெரிய நண்டுச் சதைத் துண்டுகளே நிறைந்திருக்கும்; அவற்றை ஒட்டவைக்கும் அளவுக்கு மட்டுமே பிஸ்கட் தூள் சேர்ப்பார்கள். மசாலாவில் ஊறிய நண்டுக்குப் பழகிய நம் நாக்கு முதல் வாயில் ஏதோ குறைவதாக நினைக்கும். இரண்டாம் வாயில் நண்டின் இயல்பான இனிப்பு தெரியத் தொடங்கும். காரம் வேண்டுவோருக்கு ஆவியில் வேகவைத்த நீல நண்டு இருக்கிறது. ஓடு முழுவதும் ஓல்ட் பே என்ற மசாலாப் பொடியையோ அதை ஒத்த கலவையையோ அப்பித் தருவார்கள். மேசை மீது பழுப்புத் தாளை விரித்து, மரச் சுத்தியலால் உடைத்து, விரல் வழியாக அந்தக் காரத்தைச் சதையோடு சேர்த்து உண்ண வேண்டும். ஓல்ட் பேயை உருவாக்கியவர், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கே குடியேறிய யூத மசாலா வணிகர் குஸ்டாவ் பிரன்.

பால்டிமோர் என்றதும் நம்மவர்கள் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கவலையை நான் தள்ளிவிடவில்லை. வாஷிங்டனிலிருந்து வரும் இரயிலின் சன்னலிலேயே, பலகை அடித்து மூடப்பட்ட வரிசை வீடுகள் தெரிகின்றன. மாநில லாட்டரிப் பணத்தில் கட்டிய அரங்கு அந்தத் தெருக்களின் வறுமையைத் தீர்க்கவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆனாலும் ஒரு நகரத்தை அதன் குற்றச் செய்திகளால் மட்டுமே அறிந்து, அங்கு வாழ்பவர்கள் எதை விரும்பி உண்கிறார்கள், எதற்காக ஆர்ப்பரிக்கிறார்கள் என்பதை அறியாமலே ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1814இல் இந்த ஊரின் மெக்ஹென்றி கோட்டை மீது நடந்த குண்டுவீச்சைக் கண்டு எழுதப்பட்ட வரிகள்தாம் அமெரிக்க நாட்டுப்பண். ஆட்டத்துக்கு முன் அது பாடப்படும்போது, அணிப் பெயரின் முதலெழுத்தான ‘ஓ’ வரும் இடத்தில் அரங்கமே ஒரே குரலில் முழங்குவதைக் கேட்டால், ஓரியோல்ஸ் இந்த மக்களுக்கு என்ன என்பது விளங்கும்.

வார இறுதியில் செல்பவர்கள் மேரிலாந்தின் பயணிகள் இரயிலான மார்க்கின் பென் தடத்தைப் பிடிக்க வேண்டும். அரங்கருகே நிற்கும் கேம்டன் தடம் வார நாட்களில் மட்டுமே ஓடுகிறது. நகருக்குள் லைட் ரெயில் ஒரே தடத்தில் சந்தையையும் அரங்கையும் இணைக்கிறது. வெளியே வாங்கிய உணவை அரங்குக்குள் கொண்டுசெல்ல அனுமதி உண்டு என்பதால், வாசலில் விற்கும் வேர்க்கடலையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். 2023இல் ஒவ்வொரு பந்தையும் வீசுவதற்கு நேர வரம்பு வந்தபின் ஆட்டங்கள் பெரும்பாலும் இரண்டரை மணி நேரத்தையொட்டி முடிந்துவிடுகின்றன, குழந்தைகளும் களைப்பதில்லை. ஆவி நண்டை மட்டும் ஆட்டத்துக்கு முன் வைத்துக்கொள்ளாதீர்கள். அதை அவசரமாக உண்ண முடியாது. ஞாயிறு பிற்பகல் ஆட்டம் முடிந்த பிறகு, மாலை முழுவதையும் அதற்கென ஒதுக்குங்கள்.