பலகையில் இருப்பது ரயிலின் பெயர்

இந்த நீராவி எஞ்சின் படத்தின் குறிப்பில், முகப்பில் 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்' பலகை இருப்பதால் இது அதே பெயருடைய, 1930களின் புகழ்பெற்ற 4472 எஞ்சின்தான் என்று எழுதியிருப்பது தவறு. அந்தப் பலகை லண்டன் கிங்ஸ் கிராஸ் – எடின்பரோ விரைவு ரயிலுடையது. அன்றன்று அந்த ரயிலை இழுத்த எஞ்சின் எதுவோ, அதில் மாட்டினார்கள். எஞ்சினின் பெயர் சக்கரங்களுக்கு மேலே, பக்கவாட்டில் இருக்கும்.

எண்ணைப் பாருங்கள்: 60009. 1948இல் பிரிட்டனின் ரயில்வே அரசுடைமையான பிறகே, எல்.என்.ஈ.ஆர். (லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே) என்ற பழைய நிறுவனத்தின் நீராவி எஞ்சின்களின் எண்ணோடு 60000 கூட்டினார்கள். 1946இல் 103 என்று எண் மாறியிருந்த 4472 அப்படித்தான் பின்னாளில் 60103 ஆனது. ஆகவே படம் 1948க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. தவிர, காற்றைக் கிழிக்கும் அந்தச் சரிந்த மூக்கு ஏ4 என்ற எஞ்சின் வகைக்குரியது. 4472க்கு வட்ட முகம். தயவுசெய்து படக்குறிப்பை மாற்றுங்கள், இப்படியே பலர் பகிர்ந்துவிடுவார்கள்.