கூரைக்கு மேலே ஒரு பிஸ்கட் டின்

“பார்த்துத்தானே வாங்கினீர்கள், சார்?”

இன்று காலை 9.40க்கு வந்த பதில் இது. கழிவறைக் கூரையின் படம் மூன்று, பிஸ்கட் டின்னின் படம் ஒன்று என நான்கு படங்கள் அனுப்பியிருந்தேன். நான்குக்கும் சேர்த்து மூன்றே சொல். வீடு கைமாறும் வரை, வீட்டை விற்றவரின் முகவரான இவருக்கு நான் அண்ணன். “அண்ணா, அண்ணிக்குச் சமையலறை பிடித்திருக்கிறதா?”, “அண்ணா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம்தான்” என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் அண்ணா. சாவி கைக்கு வந்த மறுவாரமே நான் சார் ஆகிவிட்டேன்.

பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

இரவு ஏழரை மணி. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரம், எட்டாவது மாடி, நான்கறை வீடு. நாங்கள் உள்ளே போகும்போது வாசலில் இன்னொரு குடும்பம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் வெளியே வரும்போது மூன்றாவது குடும்பம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. நடுவில் எங்களுக்குக் கிடைத்தது பதினைந்து நிமிடம். வீட்டிலிருந்த விளக்கெல்லாம் எரிந்தது. சன்னல் திரைகள் எல்லாம் மூடியிருந்தன. எங்கும் புதுச் சாய வாசனை. புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள், எவ்வளவு அக்கறையான மனிதர்கள் என்று என் மனைவி சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

படுக்கையறைக் கழிவறைக்கு வந்தோம். முகவர் நிலைப்படியில் நின்றுகொண்டு, கையை நீட்டி விளக்கைப் போட்டார். நீட்டிய கையை அவர் எடுக்கவே இல்லை. அந்தக் கைக்குக் கீழே குனிந்துதான் நான் எட்டிப் பார்த்தேன். மேலே பளபளவென்று வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் ஃபால்ஸ் சீலிங், அதாவது உண்மைக் கூரையை மறைக்கும் போலிக் கூரை. வீட்டில் வேறு எங்கும் இல்லாத ஃபால்ஸ் சீலிங், அந்த ஓர் ஆள் குளிக்கும் இடத்தில் மட்டும் ஏன்? எனக்கு அப்போதே கேள்வி எழுந்தது. கேட்கவும் செய்தேன். “மேலிருந்து ஒழுக்கு ஏதும் உண்டா?”

“இது இப்போதுதான் புதிதாகச் செய்தது, அண்ணா.”

இது என் கேள்விக்குப் பதிலா? ஒழுகுகிறதா என்று கேட்டால் ஆம் அல்லது இல்லை. புதிதாகச் செய்தது என்பது எந்த ஊர்ப் பதில்? ஆனால் அவர் சொல்லி முடிப்பதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. அடுத்த அறைக்கு நடந்துவிட்டார். “கீழே இன்னும் இரண்டு குடும்பம் காத்திருக்கிறது” என்று நடந்துகொண்டே சொன்னார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஏன் போனோம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் அங் மோ கியோவில் ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. விற்பவர் சீனர். அந்த புளோக்கில் இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் உரிய 15 விழுக்காடு நிறைந்துவிட்டது, ஆகவே அவர் எங்களுக்கு விற்க முடியாது. அரசு அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்ச வரம்பு வைக்கும், 1989இலிருந்து இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. இங்கே வீடு தேடிய நம்மவர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாதத்தின் முதல் நாள் கணக்கு புதுப்பிக்கப்படும் என்று காத்திருந்தோம். இரண்டு மாதம் காத்திருந்தோம். கணக்கு அசையவில்லை. ஆகவே ஈசூனில் இடம் உண்டு என்றதும் பதறிக்கொண்டு ஓடினோம். அந்தப் பதற்றம் முகவருக்கு எங்கள் முகத்திலேயே தெரிந்திருக்கும்.

காகிதத்தையெல்லாம் சோதித்தோம், ஐயா. மூன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 99 ஆண்டுக் குத்தகை தொடங்கியது 1985இல். எஞ்சியிருப்பது 59 ஆண்டு. என் மனைவிக்கு வயது 35. இரண்டையும் கூட்டினால் 94. வாங்குபவர்களில் இளையவரின் 95 வயது வரை குத்தகை நீடித்தால்தான், சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் மத்திய சேம நிதிப் பணத்தை முழு அளவில் பயன்படுத்தலாம். ஓர் ஆண்டு குறைந்ததால் எங்களுக்கான அளவும் குறைந்தது. அதற்கும் தலையாட்டினோம். வீட்டை எங்களுக்கு விற்க விற்பவர் ஒப்புக்கொள்ளும், ஆப்ஷன் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பத்திரத்துக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தோம். மறுநாளே மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். மதிப்பு, பேசிய விலையைவிட 22,000 வெள்ளி குறைவாக வந்தது. அந்த வித்தியாசத்துக்குக் கடனும் கிடையாது, சேம நிதியையும் தொட முடியாது; ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும். மனைவியின் இரண்டு வளையல் போனது அங்கேதான்.

என் சம்பளம் பார்க்கப்பட்டது. என் வயது, என் இனம், என் கடன், எல்லாம் பார்க்கப்பட்டன. அந்தக் கூரையை மட்டும் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. மதிப்பீடு என்பது கடனுக்காக. விற்பனைக்கு முன் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், செய்யும் சோதனை, அனுமதியில்லாமல் சுவரை இடித்திருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக. ஒழுக்கு யார் பொறுப்பு? வாங்குபவன் பொறுப்பு. வீடு இருக்கும் நிலையிலேயே கைமாறுகிறது என்று பத்திரத்தில் இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில், முகவரின் கைக்குக் கீழே குனிந்து அந்த நிலையை நான் கண்டுபிடித்திருக்க வேண்டுமாம்!

குடிவந்த ஆறாம் நாள் பலகையின் ஓரத்தில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. பத்தாம் நாள் சொட்டியது. பழுது பார்க்க வந்த தம்பி ஏணியில் ஏறி ஒரு பலகையை நகர்த்தினான். கையை உள்ளே விட்டவன் அப்படியே நின்றான். “அண்ணே, உள்ளே ஒரு டின் இருக்கிறது” என்றான்.

சதுரமான பழைய பிஸ்கட் டின். விளிம்பெல்லாம் துரு. முக்கால் பாகம் செம்பழுப்புத் தண்ணீர், அதில் மிதந்த ஒரு கரப்பான். டின்னுக்கு அடியில் நான்காக மடித்த துணி, டின் ஆடாமல் இருப்பதற்கு! மடித்து வைத்திருக்கிறார்கள். நிதானமாக, ஒழுங்காக, நான்காக மடித்து வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலே கான்கிரீட் பெயர்ந்து, கம்பி இரண்டு சாண் நீளத்துக்கு வெளியே தெரிகிறது. ஆண்டுக்கணக்கில் கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்து, ஈரமும் சேர்ந்தால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் கான்கிரீட்டை வெளியே தள்ளும். அது ஓர் இரவில் நடக்கிற காரியம் அல்ல. எத்தனை முறை அந்த டின்னை எடுத்து ஊற்றிவிட்டுத் திரும்ப வைத்திருப்பார்கள்! சாவி கொடுத்த அன்று என் மகனின் கன்னத்தைத் தட்டி “நல்லா இரு” என்று வாழ்த்திய அதே கைதானே அந்தத் துணியையும் மடித்தது? டின்னை எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.

இப்போது மேல்வீட்டுக் கழிவறைத் தரையைப் பெயர்த்து, நீர் இறங்காத பூச்சு புதிதாகப் போட வேண்டும். இப்படிப்பட்ட ஒழுக்குக்கு மேல்வீடு, கீழ்வீடு இரண்டுமே பொறுப்பு. உதவித் திட்டத்தில் பாதிச் செலவை வீவக ஏற்கும், மீதியை இரு வீடும் ஆளுக்குக் கால் பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பணம் எனக்குப் பிரச்சினை இல்லை. மேலே தனியாக இருப்பவர் எண்பது வயதைத் தொட்ட பெரியவர். ஒரு வாரம் கழிவறை இல்லாமல் எங்கே போவேன் என்று கம்பிக்கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறார். அவரிடம் நான் என்ன சொல்வது? அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட மனம் வரவில்லை. டின் வைத்தவர் அன்றே இவரிடம் பேசியிருந்தால், இவருக்குப் பத்து வயது குறைவாக இருந்திருக்கும்.

வீடு பார்க்கப் போகிறவர்களே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இரவில் போகாதீர்கள். மழை பெய்த மறுநாள் பகலில் போங்கள். அவரவர் வீட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போங்கள், வெட்கப்படாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். ஒழுக்கு உண்டா என்ற கேள்வியை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரே முகவர் இரு தரப்புக்கும் நிற்க இங்கே சட்டத்தில் இடமில்லை. விற்பவரின் முகவர் உங்களை அண்ணா என்று அழைத்தாலும் அவர் விற்பவரின் ஆள்தான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த அண்ணாவில் மயங்கினேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முகவருக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. ஐந்து முறை எழுதி ஐந்து முறை அழித்துவிட்டேன். டின்னைக் கழுவிச் சமையலறை மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தூக்கி எறியச் சொல்கிறாள் மனைவி. மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் விட்டால் இன்று தூக்கம் வராது. மேலே பத்தாம் மாடியோ பதினோராம் மாடியோ தெரியவில்லை, யாரோ தரை துடைத்த மாப்பைப் பிழியாமல் அப்படியே சன்னலுக்கு வெளியே தொங்கவிடுகிறார்கள். கீழே மூங்கில் கழியில் காய்வது என் தந்தையின் வெள்ளை வேட்டி. நேற்றும் கறுப்புச் சொட்டு, இன்றும் கறுப்புச் சொட்டு. பிழிந்து போடுங்கள். இரண்டு கை இருக்கிறது அல்லவா, பிழிந்து போடுங்கள்!