சிரிக்க வைப்பதும் பதற வைப்பதும் ஒரே தொழில்தான்

கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயத்தை எழுதிவிடுகிறேன். நீளமான பதிவு. மகாராஜா, மாரீசன், போர் தொழில் ஆகிய மூன்று படங்களின் முடிச்சுகளும் இதில் வெளிப்படையாக வரும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், அவசரமே இல்லை.

த்ரில்லர் பிடிக்கும் கூட்டம் ஒன்று, காமெடி பிடிக்கும் கூட்டம் வேறு என்றுதான் நாம் பேசிப் பழகியிருக்கிறோம். கடந்த இரண்டு மூன்று வருடங்களில் வந்த தமிழ்ப் படங்களைப் பார்க்கப் பார்க்க, இரண்டும் ஒரே தொழில் என்ற எண்ணம் எனக்கு உறுதியாகிவிட்டது. யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பதை வைத்துத்தான் இரண்டுமே ஓடுகின்றன. த்ரில்லர் நம்மிடம் மறைக்கிறது. காமெடி நம்மிடம் சொல்லிவிட்டு, திரையில் இருக்கும் ஆளிடம் மறைக்கிறது. மறைப்பதற்கு வலுவான காரணம் இருந்தால் படம் நிற்கிறது. காரணமில்லாமல், நம்மை அதிர வைப்பதற்காக மட்டும் மறைத்தால் தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே மறந்துபோகிறது.

1964இல் வந்த காதலிக்க நேரமில்லை படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பேயும் கிடையாது, பிணமும் கிடையாது. நாகேஷின் வாயும் கையும் கண்ணும்தான் மூலதனம். கதவுச் சத்தம், காலடிச் சத்தம் எல்லாம் அவரே. எதிரில் உட்கார்ந்திருக்கும் பாலையா மெல்ல மெல்ல வெளிறிப் போகிறார். நாம் சிரிப்பது நாகேஷைப் பார்த்து மட்டும் இல்லை, பாலையாவின் பயத்தைப் பார்த்து. அந்தப் பயம் நிஜம். நான் காமெடி செய்கிறேன் என்ற நினைப்பு பாலையாவுக்கு ஒரு நொடி வந்திருந்தால் அந்தக் காட்சி அங்கேயே செத்திருக்கும். திகிலும் சிரிப்பும் ஒரே பெஞ்சில் உட்கார முடியும் என்று இயக்குநர் ஸ்ரீதர் அறுபது வருடத்துக்கு முன்பே காட்டிவிட்டார்.

சரி, மகாராஜாவுக்கு வருகிறேன். 2024 ஜூனில் வந்தது. விஜய் சேதுபதிக்கு 50ஆவது படம், நித்திலன் சாமிநாதனுக்கு குரங்கு பொம்மைக்கு அடுத்த படம். சலூன் வைத்திருக்கும் ஒரு மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, வீட்டில் இருந்த குப்பைத்தொட்டி திருடு போய்விட்டது, அதன் பெயர் லட்சுமி, கண்டுபிடித்துக் கொடுங்கள் என்கிறார். சிரிக்கிறார்கள், திட்டுகிறார்கள், அடிக்கிறார்கள். அவர் போகவில்லை. பணம் தருகிறேன் என்கிறார். ஒவ்வொரு அதிகாரியிடமும் அதே கதையை, அதே வரிசையில், அதே முகத்தோடு சொல்கிறார். தியேட்டரே சிரித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் உண்மை தெரிந்த பிறகு அந்தக் காட்சிகளைத் திரும்ப நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. அந்தத் தகப்பன் தேடி வந்தது தொட்டியை இல்லை, மகளைச் சிதைத்தவனை. மகளுக்கு நடந்ததை வெளியே யாரிடமும் சொல்லாமல் தேட வேண்டும். அதனால்தான் சொற்கள் அப்படி அச்சடித்ததுபோல ஒன்றாகவே வருகின்றன. அது மனப்பாடம் செய்துகொண்டு வந்த பொய். நாம் சிரித்த ஒவ்வொரு வரியும் அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன வரி.

இதைத்தான் நேர்மையான மறைப்பு என்கிறேன். அங்கே இயக்குநர் நம்மிடம் மறைப்பதும், மகாராஜா போலீஸிடம் மறைப்பதும் ஒன்றுதான். மறைக்க அவருக்கு உயிர் போகிற காரணம் இருக்கிறது.

அதே படத்தில் இன்னொரு மறைப்பும் இருக்கிறது. அனுராக் காஷ்யப் வரும் பகுதி பல வருடங்களுக்கு முன் நடந்தது. அது நமக்குத் தெரியாதபடி நிகழ்காலத்தோடு கலந்து வெட்டியிருக்கிறார்கள். அங்கே எந்தப் பாத்திரமும் யாரிடமும் எதையும் ஒளிக்கவில்லை, எடிட்டிங் மேசைதான் ஒளிக்கிறது. முதல் முறை பார்க்கும்போது பெரிய அதிர்ச்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபடி பார்க்கும்போது அந்தப் பகுதி எனக்கு மெலிந்துவிடுகிறது. ஸ்டேஷன் காட்சிகளோ மறுபடி பார்க்கும்போதுதான் இன்னும் கனக்கின்றன. ஒரு திருப்பம் நல்லதா இல்லையா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. முடிவு தெரிந்த பிறகு முதல் பாதி கூடுகிறதா, குறைகிறதா?

இந்தப் படத்தில் சிங்கம்புலியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எத்தனை வருடம் நம்மைச் சிரிக்க வைத்த முகம்! அந்த முகத்தை நம்பித்தான் நாம் ஏமாறுகிறோம். போலிக் குப்பைத்தொட்டி ஒன்றைச் செய்து, போலித் திருடன் ஒருவனைத் தயார் செய்ய போலீஸ் அவரைக் கூட்டிவரும்போது, ஓ, காமெடிக்கு ஆள் வந்துவிட்டது என்று நாம் சாய்ந்து உட்கார்கிறோம். அப்புறம்தான் தெரிகிறது, மகாராஜா தேடி வந்தவனே அவர்தான் என்று. சிரிப்பு நடிகர்களைக் கதையின் இருட்டான மூலையில் நிறுத்துவது சமீபத்தில் நடந்த நல்ல விஷயம். பார்க்கிங் படத்தில் எம்.எஸ்.பாஸ்கர் செய்தது இன்னொரு உதாரணம். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரே வீட்டின் மேல் போர்ஷனுக்கும் கீழ் போர்ஷனுக்கும் நடக்கும் சண்டை. கேட்டால் காமெடிக் கதை போலத்தான் இருக்கும். நேர்மையான, சிக்கனமான ஒரு அரசு அலுவலர், விட்டுக்கொடுக்க மனமில்லாத ஒரே காரணத்தால் படிப்படியாக எங்கே போய் நிற்கிறார் என்பதைப் பார்க்கும்போது நமக்கு வேர்க்கிறது. 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம், திரைக்கதை, துணை நடிகர் என மூன்று விருதுகள் அந்தப் படத்துக்குக் கிடைத்தன. மூன்றுமே தகுதியானவை. ஊரைக் காப்பாற்றும் கதை இல்லை, உலகத்தை அழிக்க வரும் வில்லன் இல்லை. இரண்டு பேரின் வறட்டுப் பிடிவாதம், அவ்வளவுதான்.

காமெடி தெரிந்தவர்களுக்கு திகில் கைவருவதில் ஆச்சரியம் இல்லை. முண்டாசுப்பட்டி எடுத்த ராம்குமார்தான் நான்கு வருடம் கழித்து ராட்சசன் எடுத்தார். ஒரு வசனத்தை எந்த நொடியில் விட்டால் சிரிப்பு வரும் என்று தெரிந்தவருக்கு, ஒரு கதவை எந்த நொடியில் திறந்தால் பதறும் என்றும் தெரியும்.

மாரீசன் எனக்குப் பாதிப் படம்தான். அந்தப் பாதியை மிகவும் நேசித்தேன். திருட வந்த ஃபகத் ஃபாசில், கட்டிப்போடப்பட்டிருக்கும், தனக்கு மறதி நோய் என்று சொல்லும் பெரியவராக வடிவேலு, வங்கிக் கணக்கில் அவர் வைத்திருக்கும் பெருந்தொகை. இரண்டு பேரும் ஒரே பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள். திருடன் ஒன்றை மறைக்கிறான், பெரியவர் வேறு ஒன்றை மறைக்கிறார். வடிவேலு உடம்பை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல், கண்ணை மட்டும் எங்கோ வைத்துக்கொண்டு பேசும் இடங்களைப் பாருங்கள். இந்த மனிதர் நிஜமாகவே மறந்துதான் பேசுகிறாரா என்ற சந்தேகமே படத்தை ஓட்டுகிறது. அந்தச் சந்தேகம் தீர்ந்த கணத்தில் படம் உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது முழுக்க விளக்கம். கொலைகளை ஏன் செய்தார், யாருக்காகச் செய்தார், எப்படித் திட்டமிட்டார் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு பார்வையில் நமக்குப் புரிந்ததை ஃப்ளாஷ்பேக் வைத்து மறுபடி சொல்வது நம்மை நம்பாத எழுத்து.

இங்கேதான் எனக்குக் கோபமே வருகிறது. நம் த்ரில்லர்களின் கடைசி அரை மணி நேரத்தைக் கவனியுங்கள். கொலைக்கு நியாயம் வேண்டுமா, ஒரு பெண்ணுக்கோ ஒரு சிறுமிக்கோ கொடுமை நடந்திருக்க வேண்டும். மகாராஜாவிலும் அதுதான், மாரீசனிலும் அதுதான், பெயர் சொல்லாமல் விடுகிற இன்னும் பல படங்களிலும் அதுதான். அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன பிடிக்கும், அதற்குப் பிறகு அவள் எப்படி வாழ்கிறாள் என்பதற்கு அந்தக் கதைகளில் இடம் குறைவு. ஆண் கத்தியைத் தூக்க ஒரு காரணமாக அவள் பயன்படுகிறாள். மகாராஜாவில் மகள் கடைசியில் குற்றவாளியை நேருக்கு நேர் நின்று பேசும் காட்சி இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கிறது. 2023இல் அருண்குமார் இயக்கிய சித்தா இதே விஷயத்தைத்தான் தொட்டது, ஆனால் கடைசி நிமிட அதிர்ச்சியாக ஒளித்து வைக்கவில்லை. நம் முன்னால் வைத்துவிட்டு, குழந்தை வீடு திரும்பிய பிறகு அந்த வீடு என்ன ஆகிறது என்பதில் நின்று நிதானித்தது. பதற்றத்துக்கும் அதில் குறைவில்லை. அப்படி எழுத முடியும் என்று தெரிந்த பிறகும் பழைய குறுக்கு வழியிலேயே போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

போர் தொழில் பற்றிக் கொஞ்சம். கொலைகாரன் யார் என்ற கேள்வியைக் கடைசிவரை இழுக்காமல் நடுவழியிலேயே சரத்பாபுவைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறார் விக்னேஷ் ராஜா. முள்ளும் மலரும் எஞ்சினியராக நம் மனதில் பதிந்த, அந்த மென்மையான குரலைக் கேட்டு நமக்கு முதுகு சிலிர்க்கிறது. படம் 2023 ஜூன் 9இல் வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மே 22இல், அவர் காலமானார். படித்துவிட்டு வந்த பயந்தாங்கொள்ளிப் பையன் அசோக் செல்வனுக்கும் யாரையும் மதிக்காத சரத்குமாருக்கும் நடுவில் வரும் உரசல்களில் சிரிப்பும் இருக்கிறது. துப்பறியும் கதையைத் தனியாக நிறுத்தி ‘காமெடி ட்ராக்’ போடவில்லை, அந்த இரண்டு பேரின் குணத்திலிருந்தே சிரிப்பு வருகிறது.

காமெடிப் படங்களில் 2025 நல்ல வருடம் என்றே சொல்வேன். குடும்பஸ்தன் வேலை போனதை வீட்டில் சொல்லாமல் மறைக்கும் ஒருவனின் கதை. நக்கலைட்ஸ் என்ற யூடியூப் காமெடிக் குழுவிலிருந்து வந்த ராஜேஷ்வர் காளிசாமி இயக்கம். கடனை அடைக்கக் கடன், அந்தக் கடனை மறைக்கப் பொய். மணிகண்டனுக்கு வரும் ஒவ்வொரு போன் அழைப்பும் ஒரு த்ரில்லரில் வரும் அழைப்பு மாதிரிதான் இருந்தது எனக்கு. குரு சோமசுந்தரம் செய்த மாமன் மச்சான் உறவை எத்தனை வீடுகளில் பார்த்திருக்கிறோம்! உதவி செய்வார், ஆனால் அந்த உதவியை ஊருக்கே கேட்கிற மாதிரி செய்வார். அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிறது.

டூரிஸ்ட் ஃபேமிலி இன்னும் நுணுக்கமானது. இலங்கையிலிருந்து கள்ளத்தனமாக வந்து இறங்கிய ஒரு குடும்பம். வாயைத் திறந்தால் பேச்சு வழக்கே காட்டிக்கொடுத்துவிடும். அக்கம்பக்கத்தில் யாரோடும் பேசாதே என்று எச்சரிக்கை. சசிகுமாரும் சிம்ரனும் வாசலில் யாராவது வணக்கம் சொன்னால்கூடத் தயங்கும் இடங்களில் தியேட்டர் சிரிக்கிறது. சிரிக்கும்போதே, ஐயோ, இவர்கள் பிடிபட்டுவிடக் கூடாதே என்ற பயமும் சேர்ந்து வருகிறது. கடைசிப் பகுதியில் எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே நல்லவர்களாகிவிடுகிறார்கள்தான். அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம் என்பதை நினைத்தால், யாரையும் மட்டம் தட்டாமல் இத்தனை சிரிப்பை எடுத்ததற்கே கைகொடுக்க வேண்டும்.

அந்த வருடப் பொங்கலுக்கு மதகஜராஜா ஓடியதை, பழைய நினைவில் மக்கள் பார்த்தார்கள் என்று பலர் எழுதினார்கள். 2012இல் எடுத்து முடங்கிய படம், 2025 ஜனவரியில் வந்தது. அதற்குள் மணிவண்ணனும் மனோபாலாவும் நம்மிடையே இல்லை. வெறும் நினைவுக்காகக் கூட்டம் அப்படிச் சிரிக்காது. செத்துப்போனவரை உயிரோடு இருப்பதுபோல வைத்துச் சமாளிக்கும் நீண்ட காட்சியில் மனோபாலா அசையாமல் இருந்தே சிரிக்க வைக்கிறார். நமக்குத் தெரியும், எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. சுந்தர்.சிக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. அதே படத்தில் பெண்களைக் காட்டிய விதம் அன்றைக்கும் தப்பு, இன்றைக்கும் தப்பு. சிரித்தேன் என்பதற்காக அதைச் சொல்லாமல் விட மாட்டேன்.

டிடி நெக்ஸ்ட் லெவல் மீது எனக்கு நிறைய எதிர்பார்ப்பு இருந்தது. சினிமா விமர்சகன் ஒருவன் பேய்ப் படத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறான் என்பது அருமையான யோசனை. ஆனால் செத்தாலும் பரவாயில்லை என்பதுபோல் எல்லோரும் ஜோக் அடித்துக்கொண்டே இருந்தால் நமக்கு எதற்குப் பயம் வரும்? பயம் வராத இடத்தில் சிரிப்பும் பாதிதான் வருகிறது. சந்தானம் போன்ற ஒரு நடிகருக்கு, தன் பாத்திரம் உண்மையாகவே பயப்படும் ஒரு கதையை யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒரு ஏக்கம். 2024 நவம்பரில் வந்த மலையாளப் படம் சூக்ஷ்மதர்ஷினி. பக்கத்து வீட்டுக்கு வந்த பேசில் ஜோசப் மீது சந்தேகம் கொள்ளும் இல்லத்தரசியாக நஸ்ரியா. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது, பக்கத்து வீட்டுத் தோழிகளிடம் விசாரிப்பது, ஏதோ ஒரு சாக்கில் உள்ளே நுழைந்து பார்ப்பது, இவைதான் அவள் ஆயுதங்கள். சிரிப்பும் திகிலும் ஒரே காட்சியில் வருகின்றன. அவள் யாருடைய பழிவாங்கலுக்கும் காரணம் இல்லை, கேள்வி கேட்பதே அவள்தான். மனோரமாவும் கோவை சரளாவும் காமெடியில் கொடிகட்டிப் பறந்த தமிழில், கோலமாவு கோகிலா வந்து இத்தனை வருடம் ஆன பிறகும், இப்படிப் பெண்ணை நடுவில் வைத்த சிரிப்புத் திகில் படங்கள் ஏன் அடுத்தடுத்து வரவில்லை? இதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். வந்து நான் தவறவிட்டிருந்தால் கமெண்ட்டில் படத்தின் பெயரைச் சொல்லுங்கள், கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.