ஆட்டிசம் முடிவை 18 வயதுக்கு முன் பிள்ளையிடம் சொல்லக் கூடாதா?

"ஆட்டிசம் பரிசோதனை முடிவை 18 வயதுவரை பிள்ளையிடம் சொல்லக் கூடாது, சட்டப்படி குற்றம், சொன்னால் பாதிப்பும் முற்றிவிடும்" என்று வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே பொய்.

அப்படி எந்தச் சட்டமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் ஆட்டிசமும் அடக்கம். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையை அதன் பிரிவு 4 பிள்ளைகளுக்குத் தருகிறது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியோடு சின்ன வயதிலிருந்தே இருப்பது. பெயரைச் சொல்வதால் அதிகமாகாது.

ஆட்டிசம் உள்ள ஒரு பதினைந்து வயதுப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாமலா இருக்கும்? வகுப்பு இரைச்சல் தாங்காமல் காதைப் பொத்திக்கொள்வது அவள்தானே. காரணம் தெரியாவிட்டால் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வாள், பாவம். அறிக்கையை அவளுக்கும் புரியும்படி விளக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். அப்புறம், பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதா, பள்ளியில் யாரிடம் சொல்வது என்பதையெல்லாம் அவளைக் கேட்டே முடிவெடுங்கள்.