அந்த ஒரு அறையைத் தவிர

போன நவம்பர் 25ஆம் தேதி அலுவலகத்தில் எல்லோர் சட்டையிலும் ஒரு ஆரஞ்சு ரிப்பனைக் குத்திவிட்டார்கள். பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாளாம். பேச வந்தவர் ‘பெண் என்றாலே சக்தி’ என்று தொடங்கி, தாய்மையில் கொஞ்ச நேரம் நின்று, கேக் வெட்டும் நேரத்துக்குச் சரியாக முடித்தார். பக்கத்தில் இருந்த தோழியிடம் ‘அதென்ன 25?’ என்றேன். ‘ஐ.நா. சொல்லியிருப்பாங்கப்பா’ என்றாள், கேக் தட்டை நீட்டியபடி.

அவள் சொன்னது தப்பில்லை. ஐ.நா. பொதுச்சபை 1999இல் அறிவித்ததுதான். ஆனால் அதற்கு 18 வருடம் முன்பே, 1981இல் கொலம்பியாவின் பொகொட்டா நகரில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் அந்தத் தேதியைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1960 நவம்பர் 25, வெள்ளிக்கிழமை. டொமினிக்கன் குடியரசில் சிறையிலிருந்த கணவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பாத்ரியா, மினர்வா, மரியா தெரசா என்ற மிராபால் சகோதரிகள் மூவரையும், ஜீப் ஓட்டிவந்த ரூஃபினோ தெ லா குருஸையும் அந்நாட்டுச் சர்வாதிகாரியின் ஆட்கள் வழிமறித்து அடித்துக் கொன்றார்கள். அப்புறம் உடல்களை ஜீப்பில் போட்டுப் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். பத்திரிகையில் அது விபத்துச் செய்தியாக வந்தது.

இதெல்லாம் எனக்கு ஒரு நாவலால்தான் தெரியும். ஜூலியா அல்வாரெஸ் 1994இல் எழுதிய ‘இன் த டைம் ஆஃப் த பட்டர்ஃப்ளைஸ்’. தலைமறைவு இயக்கத்தில் அந்தச் சகோதரிகளுக்கு வண்ணத்துப்பூச்சிகள் என்று பெயர், அதிலிருந்து வந்த தலைப்பு. அல்வாரெஸின் அப்பாவும் சர்வாதிகாரிக்கு எதிரான ரகசிய வேலையில் இருந்தவர். குடும்பம் 1960 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனபோது இவருக்குப் பத்து வயது. அடுத்த நான்காவது மாதம் அந்தக் கொலை. தப்பித்த வீட்டுப் பெண், தப்பிக்காத வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதிய நாவல் இது.

இந்த நாவலைப் படித்தவர்கள், 2001இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள், யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒரே காட்சியைத்தான். அந்த அறை. மினர்வா சர்வாதிகாரியின் கன்னத்தில் விட்ட அறை. ‘சும்மா பளார்னு விட்டா பாரு!’ என்று என் அக்காவே போனில் கத்தினாள். எனக்கு இதில்தான் கொஞ்சம் வருத்தம். நாம் அந்த ஒரு அறைக்குக் கைதட்டிவிட்டு மிச்சப் புத்தகத்தை விட்டுவிடுகிறோம்.

முதலில் அந்த ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ரஃபேல் ட்ருஹியோ. அமெரிக்கா 1916 முதல் 1924 வரை அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது உருவாக்கிய காவற்படையில் பயிற்சி எடுத்து மேலே வந்தவர். 1930இல் நாட்டைக் கையில் எடுத்தார். 1961 மே 30 இரவு சுட்டுக் கொல்லப்படும்வரை விடவில்லை. 1936இல் தலைநகர் சான்டோ டொமிங்கோவுக்கே தன் பெயரை வைத்துக்கொண்டார். நாட்டின் மிக உயரமான சிகரத்துக்கும் அவர் பெயர்தான். வீடுகளில் ‘இந்த வீட்டில் தலைவர் ட்ருஹியோ’ என்று பலகை மாட்டியிருக்க வேண்டும். கருத்த தோல் தெரியக் கூடாது என்று முகத்துக்குப் பவுடர் அப்பிக்கொள்வார். அவருடைய தாய்வழியில் ஹைட்டி ரத்தம் உண்டு. அதே மனிதர்தான் 1937இல் எல்லைப்புறத்தில் ஆயிரக்கணக்கான ஹைட்டியர்களை வெட்டிக் கொல்ல உத்தரவிட்டவர்.

சரி, அறைக்கு வருவோம். 1949 அக்டோபரில் நடந்த விருந்து. சர்வாதிகாரியின் அழைப்பு, போகாமல் இருக்க முடியாது. நடனத்தின் நடுவில் அவர் அத்துமீற, மினர்வாவின் கை தன்னாலே எழுந்து அந்தப் பவுடர் முகத்தில் இறங்குகிறது. நாவலில் அற்புதமாக எழுதப்பட்ட இடம், மறுக்கவில்லை. ஆனால் நிஜத்தில் இது நடந்ததற்கு உறுதியான சாட்சி இல்லை. ஊர் வாயில் வளர்ந்த கதை. அவர்கள் ஆடியதும், குடும்பம் விருந்திலிருந்து சொல்லாமல் கிளம்பிப் போனதும், அதற்காக அப்பாவைப் பிடித்து உள்ளே வைத்ததும்தான் வரலாறு.

இன்னொன்று, நாவலில் அதே அத்தியாயத்தில் அதற்கு முன்பே வேறொரு அறை விழுகிறது. அதை யாருமே பேசக் காணோம். அப்பாவுக்கு வேறொரு குடும்பம் இருப்பதை மினர்வா கண்டுபிடிக்கிறாள். ஒரு குடிசை, அதில் தங்கள் சாயலில் நான்கு பெண் பிள்ளைகள். கோபத்தில் தன் ஜீப்பைக் கொண்டுபோய் அப்பாவின் காரில் இடிக்கிறாள். அப்பா அவள் கன்னத்தில் அறைகிறார், தகப்பனுக்கு மரியாதை கொடுக்கத் தெரிய வேண்டும் என்று. அந்தக் கன்னம் ஆறுவதற்குள்தான் மாளிகை விருந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அல்வாரெஸ் இதை அடுத்தடுத்து வைத்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ‘இந்த வீட்டில் தலைவர்’ என்ற பலகையில் பெயர் மட்டும்தான் ட்ருஹியோவுடையது. பிற்பாடு மினர்வாவும் மரியா தெரசாவும் சிறையில் இருக்கும்போது, உள்ளேயிருந்து கடிதம் கொண்டுவந்து கொடுப்பது யார் தெரியுமா? அந்தக் குடிசையில் பிறந்த பெண்களில் ஒருத்தி, மார்கரீட்டா. அம்மா அவளை எப்படி எதிர்கொள்கிறாள் என்பதைப் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்.

நாவலில் எனக்குப் பிடித்த இடம் முயல்தான். சிறுமி மினர்வா கூண்டைத் திறந்து முயலை வெளியே விரட்டுகிறாள். அது நகரவில்லை. தட்டுகிறாள், அப்போதும் போகவில்லை. அதற்குக் கூண்டு பழகிவிட்டது. விடுதலை வாங்கித் தருகிறேன் என்று அடிப்பது நான்தானே என்று அவளுக்கே தோன்றுகிறது. பிற்பாடு நாட்டையே திறந்துவிடப் பார்க்கப் போகிறவள் அவள் என்பதை நினைத்து இதைப் படிக்க வேண்டும்.

அப்புறம் நிஜ மினர்வா என்ன செய்தார் என்று பாருங்கள். பிடிவாதமாகச் சட்டம் படித்தார். 1957இல் பட்டமும் வாங்கினார். ஆனால் வழக்காட உரிமம் மட்டும் தரவில்லை. பட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தொழில் செய்ய விடாமல் வைப்பதில் எவ்வளவு வன்மம்! அறை என்றால் இதுதான் அறை, விழுந்தது மட்டும் மினர்வாவின் கன்னத்தில். அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஓய்ந்து உட்காரவில்லை. 1959 ஜூன் 14 அன்று, நாட்டை விட்டு ஓடியவர்கள் கியூபாவிலிருந்து வந்து ட்ருஹியோவை வீழ்த்தப் பார்த்தார்கள். முடியவில்லை, கிட்டத்தட்ட எல்லோரும் கொல்லப்பட்டார்கள். அந்தத் தேதியையே பெயராக வைத்து 1960 ஜனவரியில் ஒரு ரகசிய இயக்கம் உருவானது. மினர்வாவின் கணவர் மனோலோ தவாரெஸ் ஹூஸ்தோ அதன் தலைவர். அதே மாதமே கைதுகள் தொடங்கிவிட்டன.

நாவலில் இந்த வேலைகள் எல்லாம் எப்படி இருக்கின்றன என்பதற்கு மரியா தெரசாவின் டைரியைப் பாருங்கள். கடைக்குட்டி. டைரியில் புதுச் செருப்பு, காதல், யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதெல்லாம் இருக்கும். சில வருடம் கழித்து அதே டைரியில், அதே கையெழுத்தில், குண்டு செய்வதற்கான படம் வரைந்திருக்கிறது, எந்தப் பாகம் எங்கே என்று அம்புக்குறி போட்டு. சமையல் குறிப்பு எழுதுகிற மாதிரி. நான் அந்தப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். மூத்தவள் பாத்ரியா பக்திமான், கன்னியாஸ்திரீ ஆக நினைத்தவள். மலைமேல் தியானத்துக்குப் போன இடத்தில் ஒரு பையன் சுட்டுக் கொல்லப்படுவதைப் பார்க்கிறாள், தன் பிள்ளை வயதுப் பையன். அதற்கப்புறம் அவள் வீட்டுத் தோட்டத்தில் துப்பாக்கி புதைக்க இடம் கிடைக்கிறது.

சிறையிலிருந்து வெளியே வந்த மினர்வாவையும் மறந்துவிடக் கூடாது. ஊரே அவளைத் தெய்வமாகப் பார்க்கிறது. கடைக்குப் போனால் காதோரம் வந்து வாழ்த்துகிறார்கள். அவளோ உள்ளுக்குள் நொறுங்கிக் கிடக்கிறாள். வீட்டை விட்டு வெளியே போகவே பயம். அந்தப் பயத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாள். ‘இரும்புப் பெண்’ என்று நாம் வாய் கூசாமல் சொல்கிறோமே, அந்த இரும்பு எப்படி இருந்தது என்று காட்டுகிற பக்கம் இது.

குறையே இல்லாத நாவல் என்று சொல்லமாட்டேன். 1937 படுகொலை இதில் ஓரமாகத்தான் நிற்கிறது. வீட்டு வேலைக்காரி ஃபேலா, கறுப்பினப் பெண், இறந்த சகோதரிகளின் ஆவி தன்மேல் இறங்குவதாகச் சொல்லி ஒரு பூஜை மூலையே வைத்துவிடுகிறாள். அவளை வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். அவள் பக்கத்துக் கதை என்ன என்று நாவல் நின்று கேட்கவில்லை. அதோடு, இது ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. ஸ்பானிஷ் பேசியவர்கள் ஆங்கிலத்தில் பேசி, நம் தலைக்குள் தமிழாகிறார்கள். வழியில் எவ்வளவு சிந்தியதோ.

இனி நாலாவது சகோதரி தெதே. உயிரோடு மிஞ்சியவர். நாவலில் அவரைப் படர்க்கையில் எழுதிக்கொண்டே வந்து, கடைசிப் பகுதியில்தான் ‘நான்’ என்று பேச வைக்கிறார் அல்வாரெஸ். அவருக்கும் இயக்கத்தில் சேர ஆசை. கணவர் விடவில்லை, இவரும் மீறவில்லை. ‘நீ மட்டும் எப்படித் தப்பித்தாய்?’ என்று கேட்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். நிஜத்தில் தெதே, தன் மூன்று பையன்களோடு சேர்த்து, சகோதரிகள் விட்டுப்போன ஆறு பிள்ளைகளையும் அம்மாவோடு சேர்ந்து வளர்த்தார். 1994இல் சகோதரிகள் கடைசியாக வாழ்ந்த வீட்டை அருங்காட்சியகமாக்கினார். மரியா தெரசாவின் கூந்தல் பின்னல் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. 2014இல் இறக்கும்வரை தேடி வந்தவர்களிடமெல்லாம் கதையைச் சொன்னார்.

போனில் அறைக்குக் குதித்த அக்கா, புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள். ‘ஒன்பது பிள்ளைங்கடி. ஒன்பது டிபன் டப்பா. அதுக்கு எவனாவது சிலை வைப்பானா?’ என்றாள். அவள் இரண்டு டப்பாவோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள், அவள் கணக்கு அவளுக்கு.

சிலை விஷயத்தை அல்வாரெஸும் பின்னுரையில் தொடுகிறார். சகோதரிகளைத் தெய்வமாக்கிவிட்டால் அவர்கள் செய்தது நம்மால் ஆகாது என்று ஒதுங்கிக்கொள்ளலாம். மனிதனைத் தெய்வமாக்குகிற அதே புத்திதான் அந்தச் சர்வாதிகாரியையும் உருவாக்கியது என்கிறார். இன்று டொமினிக்கன் 200 பெசோ நோட்டில் மூன்று சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்கள் ஊர் இருக்கிற மாகாணத்துக்கே அவர்கள் பெயர். ட்ருஹியோ தன் புகழுக்காகக் கடற்கரையில் எழுப்பிய தூணில் 1997இல் அவர்களை ஓவியமாகவே வரைந்துவிட்டார்கள். அந்தத் தூண் விஷயத்தில் மட்டும் எனக்கு அல்ப சந்தோஷம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் 25ஆம் தேதி என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். ஐந்து நிமிடம். அறையைச் சொன்னால் கைதட்டு நிச்சயம், ஆனால் கைப்பையைச் சொல்லலாம் என்றிருக்கிறேன். அந்தக் கடைசி நாளில், மலைச்சாலை ஏறுவதற்கு முன், மூவரும் ஒரு கடையில் இறங்கிக் கைப்பை வாங்குவதாக நாவலில் வருகிறது. ஆளுக்கொன்று. கொலையை அல்வாரெஸ் நேரடியாகக் காட்டவில்லை. பிற்பாடு ஒவ்வொருவராகத் தெதேயின் வீட்டுக்கு வந்து, அன்று மாலை தான் பார்த்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தபடி, வருகிறவர்கள் சொல்லி முடிக்கிறவரை தெதே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தக் கைப்பைகளை விற்ற கடைக்காரரும் வருகிறார்.