கந்தகத்தின் மீது மட்டும் பழி போடலாமா?
2020-இல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைத்ததுதான் 2023-இல் வட அட்லாண்டிக் அப்படிச் சூடானதற்குக் காரணம் என்று மேலே உள்ள கட்டுரை ஒரே போடாகப் போடுவது எனக்கு ஒப்பவில்லை. கந்தகப் புகை மேகத்தை வெளுப்பாக்கி வெயிலைத் திருப்பும், அது குறைந்தால் கடலில் கூடுதல் வெயில் விழும் என்பது வாதம். எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆனது உண்மை. கப்பல் போன வழியில் மேகத்தில் விழும் வெண்கோடுகள் குறைந்ததையும் செயற்கைக்கோள்கள் பார்த்திருக்கின்றன. சரி, ஆனால் வட கடலிலும் பால்டிக்கிலும் 2015 முதலே 0.1 சதவீதம்தானே அனுமதி? அங்கே 2020 என்ன பெரிதாக மாற்றியிருக்கும்? கந்தகம் மேகத்தை எவ்வளவு மாற்றும் என்பதை எரிமலையை வைத்துப் பார்த்தால் கணக்கு இன்னும் குழப்பம். ஐஸ்லாந்தின் ஹோலுஹ்ரானில் 2014 ஆகஸ்டில் தொடங்கி ஆறு மாதம் எரிமலைப் பிளவு கந்தக டை ஆக்சைடைக் கக்கியது. உச்சத்தில் அது ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் வெளிவிடும் அளவையே மிஞ்சியது. மேகத் துளிகள் சிறுத்தன, அதனால் வெயிலைக் கூடுதலாகத் திருப்பின. மேகத்திலிருந்த நீரின் அளவோ அவ்வளவாக மாறவில்லை. மேகப் பரப்பு கூடியதா என்பதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை. 2023-இல் பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும் சேர்ந்துகொண்டதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. மேலே கருத்திட்ட ஒருவர் ‘அப்போ கந்தகத்தைத் திரும்பக் கலந்துவிடலாமே’ என்கிறார். துறைமுகத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் நுரையீரல் என்னாவது? மேகத்தை வெளுப்பாக்கத்தான் வேண்டுமென்றால், ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் மேல் கடல்நீரையே நுண்துளிகளாகத் தூவிப் பார்க்கிறார்களே, அதைப் பற்றிப் பேசலாம்.